அசதி தெரிந்த பொம்மை

சேகரிப்பாளர்களுக்காகப் பொம்மைகளை அலசி, மதிப்பெண் கொடுத்து வீடியோ போடும் பூபாலன், புதிதாக வந்த சிப்பாய் பொம்மையைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான். ஒரு அடி உயரம். கை, கால், கழுத்து என எந்த மூட்டும் எப்படி வளைத்தாலும் வளைந்தது. அதைவிடப் பெரிய சங்கதி, இந்த வருடம் வந்த மாடலுக்கு அசதி உண்டு. கையைத் தூக்கி வைத்தால் கொஞ்ச நேரத்தில் நிஜ ஆள் மாதிரியே தோள் நடுங்கித் தொங்கிப்போகும்.

விளக்குக்கு ஸ்டாண்ட் வைக்கிற இடத்திலும் பொம்மைகளே நின்றதால், மனைவி வளர்மதி விளக்கைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டாள். படப்பிடிப்பு ஆரம்பமானது. பூபாலன் பொம்மையை வாள் ஓங்கி நிற்கவைத்தார். சற்று நேரத்தில் கை நடுங்கியது.

"பாருங்க மக்களே, தோள்பட்டை எப்படித் துடிக்குதுன்னு! பாவம்யா..." பூபாலனுக்குக் குரலே தழுதழுத்தது. வாளை வாங்கிக் கீழே வைத்தார். பொம்மையைத் தீப்பெட்டி மேல் உட்காரவைத்து, விரல் நுனியால் தோளை நீவிவிட்டார்.

"என்னங்க, எனக்கும் கை விட்டுப்போகுது. கொஞ்சம் இறக்கிக்கட்டுமா?"

"ஆடாம நில்லு வளரு. அது மூஞ்சில நிழல் விழுது."

பொம்மை மெல்லக் கழுத்தைத் திருப்பி வளர்மதியை அண்ணாந்து பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. பூபாலன் அதன் தலையைப் பிடித்துக் கேமரா பக்கம் திருப்பிவைத்தார். அது மறுபடியும் அவளிடமே திரும்பியது.

"கழுத்து மூட்டு சரியில்ல மக்களே," என்றார் பூபாலன், கேமராவைப் பார்த்து. "வெச்ச பக்கம் நிக்க மாட்டேங்குது. பத்துக்கு ஏழுதான்."