மதகுக்காரன் செத்துடுவான்

"யாரு, அந்த மதகுக்காரனா? கடைசியில செத்துடுவான்."

போகிற போக்கில் சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்தார் மாடி வீட்டு டிரைவிங் மாஸ்டர்.

கட்டிலில் மாவுக்கட்டுப் போட்ட காலோடு சாய்ந்திருந்த பிளம்பர், தலையணைக்கு அடியில் கிடந்த புத்தகத்தை வெளியே இழுத்தார்.

"யோவ்! என்னய்யா சொன்னே? நான் இப்பத்தான் நாலாவது அத்தியாயத்துல இருக்கேன்!"

"அதுக்கென்ன, படிங்க. எப்படிச் சாவான்னு நான் சொல்லலையே."

சமையலறையிலிருந்து பிளம்பரின் மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள்.

"ஏண்ணே, படுத்துக் கிடக்கிற மனுஷனுக்கு இருக்கிறதே இந்த ஒரு பொழுதுபோக்குதான். அதுலயும் மண்ணள்ளிப் போடணுமா?"

மாஸ்டர் தலையைச் சொறிந்துகொண்டு மாடியேறிப் போனார்.

தண்ணீர்த் தொட்டி ஏணியிலிருந்து விழுந்து பிளம்பருக்குக் கால் முறிந்திருந்தது. "காலைக் கீழே ஊன்றினா, மறுபடி உடைச்சுத்தான் சேர்க்கணும்" என்று டாக்டர் எச்சரித்திருந்தார். கேட்கிற ஆளா அவர்? வீட்டுக்கு வந்த வாரமே, பக்கத்து வீட்டுக் குழாயடியில் ஸ்பானரும் கையுமாகப் பிடிபட்டார்.

வெளியூரில் படிக்கும் மகள்தான் அந்த நாவலை அனுப்பினாள். மந்திரம், டிராகன், ராஜ்ஜியம் என்று புதிதாக வரும் தொடர். மொத்தம் பத்துப் பாகமாம். முதல் பாகமே செங்கல் கனம்.

படிக்க ஆரம்பித்ததும் மகளுக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, கோட்டை மலை உச்சியில இருக்கு. ஆறு கீழே ஓடுது. மோட்டார் இல்லாம தண்ணி எப்படி மேல ஏறும்?"

"மந்திரம்பா."

"மந்திரமா இருந்தாலும் பைப் வேணுமில்ல?"

கதையில் அவருக்குப் பிடித்தது ஒரே ஒரு ஆள். அந்த நாட்டு ஏரியின் மதகைத் திறந்து மூடும் கிழவன். "நம்ம ஆளு" என்று சாப்பிடும்போதெல்லாம் மனைவியிடம் அவன் புராணம்தான். ஆனால் ராஜாக்களும் ராஜகுருக்களும் பேசப் பேசக் கொட்டாவி வந்தது. புத்தகம் மெல்லத் தலையணைக்கு அடியில் போய்விட்டது.

அன்று காலை கட்டட மேஸ்திரி போன் செய்திருந்தார். "வந்து சும்மா உட்கார்ந்திருங்க. பசங்களுக்கு வாயால சொன்னா போதும்."

வாயால் சொல்லி நிறுத்துகிறவரா இவர்? "நாளைக்கு வண்டியோட வாங்க" என்று குஷியாகச் சொல்லிவிட்டார். மனைவி கெஞ்சியும் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். ம்ஹூம்.

அன்று சாயங்காலம்தான் மாஸ்டர் வந்து அப்படி வாயை விட்டது.

மறுநாள் மேஸ்திரி வண்டியோடு வாசலில் நின்றார். பிளம்பர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"போய்யா! இங்க ஒரு உயிர் ஊசலாடிக்கிட்டிருக்கு."

அதன்பிறகு சாப்பாடு, மாத்திரை எல்லாமே புத்தகத்தோடுதான். போர்க்களம் வந்தால் ஒரு பக்கத்தை இரண்டு தடவை படித்தார். நடுநடுவே பார்க்க வருகிறவர்களிடம் மாஸ்டரைக் கிழித்துத் தொங்கப்போட்டார்.

"ஆசை ஆசையா படிக்கிறவன்கிட்ட முடிவைச் சொல்றவன் மனுஷனாய்யா?"

குடியிருப்பு முழுக்க மாஸ்டருக்கு 'ஓட்டைவாய்' என்று பேர் விழுந்தது. அவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த கீழ்வீட்டு டீச்சர்கூட வேறு டிரைவிங் ஸ்கூலுக்கு மாறிவிட்டார். "நான் எங்க மோதுவேன்னு முன்னாடியே சொல்லிடுவாரு" என்று சிரித்தார்.

மாஸ்டரோ தினமும் வந்து வாசலில் நின்றே, "கால் எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மாவுக்கட்டைப் பிரித்துப் பார்த்த டாக்டருக்கே ஆச்சரியம். "எலும்பு அருமையா கூடி வருது. இன்னும் ஒரு மாசம் இதே மாதிரி படுத்திருங்க" என்று புதுக் கட்டுப் போட்டு அனுப்பினார்.

அன்று சாயங்காலம் மாஸ்டர் தலை தெரிந்ததும் பிளம்பர் கத்தினார்.

"யோவ், உள்ள வாய்யா! மதகுக்காரன் சாகலை! டிராகன் மேல ஏரியவே திறந்து விட்டுட்டு, ஈரத் துணியோட வீட்டுக்கு வந்து சேர்ந்துட்டான். பொய்யா சொன்னே?"

மாஸ்டர் மலங்க மலங்க விழித்தார்.

"நல்லவேளை, கதை முடிஞ்சுது. இனி எனக்குப் படுக்கையில என்ன வேலை? நாளைக்கு அந்தக் கட்டடத்தை ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறேன்."

மனைவி மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் தொண்டையைச் செருமினார்.

"முதல் பாகத்துலயே செத்துடுவான்னு நானா சொன்னேன்?"

பிளம்பர் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை மறுபடி புரட்டிப் பார்த்தார்.

"அடப்பாவி!" பிளம்பர் போனைத் தேடினார். "ஏம்மா, ரெண்டாம் பாகம் வந்தாச்சா? உடனே அனுப்பு! யோவ், நீ முதல்ல வெளிய போய்யா!"

மாஸ்டர் வெளியே வந்து செருப்பை மாட்டினார். பின்னாலேயே வந்த பிளம்பரின் மனைவி கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே, உங்களுக்குக் கோயில்தான் கட்டணும். அன்னிக்கு நான் சொல்லச் சொன்னதை நீங்க சொல்லலைன்னா, மனுஷன் இந்நேரம் ஏணி மேலதான் நின்னிருப்பாரு. பாவம், உங்க பேருதான் கெட்டுப்போச்சு."

"பேரு கிடக்குது தங்கச்சி. கால் சேர்ந்துச்சே, அது போதும்."

இரண்டு படி ஏறிய மாஸ்டர் நின்று திரும்பினார்.

"இவ்வளவு திட்டு வாங்கியாச்சு, இப்பவாவது சொல்லு. யாரும்மா அந்த மதகுக்காரன்?"