வில்லனுக்கு விசில் அடிச்சவன்

“அந்த ஆளு பக்கத்துல நான் உக்கார மாட்டேம்ணே. வில்லனுக்கு விசில் அடிச்ச வாயி அது.”

திங்கக்கிழமை காலை. கம்பெனி பஸ்ல காலியா இருந்த ஒரே சீட்ட விட்டுட்டு, வேல்ராஜ் பக்கத்துல கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னா இசக்கிசெல்வி.

அந்த சீட்டுக்குப் பக்கத்துல ஜன்னலோரம் இருந்தவன் பகலவன். உள்ளூரு, சேரப்பணஞ்சேரிக்காரன். கேட்டுட்டு சிரிச்சான்.

எல்லாரும் ஒரே லைன். ஒரகடத்துல கார் சீட்டுக்கு ஃப்ரேம் செய்யுற கம்பெனி. சனிக்கிழமை ஷிஃப்ட் முடிஞ்சு படத்துக்குப் போனவங்க. ராத்திரில மட்டும் பறக்குற ஹீரோ படம்.

ஹீரோவ யாரும் பேசல. வில்லனத்தான் பேசுனாங்க.

மூஞ்சி பூரா சாம்பல். கத்தவே மாட்டான். ஒரு ஊரையே மண்டபத்துல பூட்டி வச்சு, சாத்துக்குடி உரிச்சுக்கிட்டே சொல்லுவான்: “ஒரே ஒரு ஆளக் கைகாட்டுங்க. மத்தவங்க வீட்டுக்குப் போயிரலாம்.” ஊரே சேந்து ஒரு வாட்ச்மேனப் புடிச்சுத் தள்ளிவிட்டுச்சு.

தியேட்டரே மூச்சு விடாம கெடந்த நேரத்துல, பகலவன் விசில் அடிச்சான்.

“ஏல, ஒனக்கு ஈரக்கொலையே கெடையாதால?” பின் சீட்லேந்து கத்துனான் பெருமாள்சாமி, வேல்ராஜோட ரூம்மேட். “அந்த வாட்ச்மேனப் பாத்து நான் அழுதுட்டேன், தெரியுமா?”

“வில்லன் இன்னாப்பா பண்ணான்? கேட்டான். அவ்ளோதான். குடுத்தது யாரு?”

“அதுக்கு விசிலா?”

“ஊர்க்காரனுங்க வேஷத்தக் கலைச்சான் பாரு, அதுக்கு.”

“சைக்கோ”ன்னான் வேல்ராஜ். பஸ்ஸே சிரிச்சுச்சு. “நாங்க தெக்கத்திக்காரங்கப்பா. கூட நிக்கவன விட்டுக்குடுக்க மாட்டோம்.”

“சர்தான்”னுட்டு பகலவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டான்.

லைன்ல சூப்பர்வைசர் ராஜசேகர் காத்துக்கிட்டிருந்தாரு. மேஜை மேல நாலு ஃப்ரேம். எல்லா போல்ட்லயும் மஞ்ச மார்க். போல்ட்ட முறுக்குனவங்க, முறுக்கியாச்சுன்னு வைக்கிற புள்ளி அது.

ராஜசேகர் ஒரு போல்ட்ட ரெண்டு விரலால சுத்துனாரு. சுத்துச்சு.

“கஸ்டமர் திருப்பி அனுப்பிட்டான். சனிக்கிழம மாலு. உங்க நாலு பேரு லைனு.”

அவரு கத்தல.

“ஹெச்.ஆருக்கு ஒரு பேரு வேணும். தனித்தனியா என் ரூமுக்குள்ள வந்து, முறுக்காம மார்க் வச்சது யாருன்னு துண்டுச் சீட்டுல எழுதுங்க. நாலு சீட்டுலயும் ஒரே பேரு வந்தா, அந்த ஆளு மட்டும் வெளிய. மாத்தி எழுதி என்னக் குழப்பப் பாத்தீங்க, நாலு பேரும் வெளிய.” போல்ட்ட மேஜை மேல வச்சாரு. “நேத்து பசங்களோட ஒரு படத்துக்குப் போனேன். ஐடியா நல்லாத்தான் கீது.”

வெள்ளிக்கிழமை பெர்மனென்ட் லிஸ்ட் வருது. மூணு வருஷமாக் காத்துக்கெடந்த லிஸ்ட். அதுல வேல்ராஜ் பேரு இருக்கு.

சனிக்கிழமை நடந்தது நாலு பேருக்கும் தெரியும். “படத்துக்கு நேரமாச்சு, மார்க்க மொதல்ல வச்சிருவோம், திங்கக்கிழம வந்து முறுக்கிக்கிடலாம்”னு சொன்னது வேல்ராஜ். அவனோட சேந்து மளமளன்னு மார்க் வச்சது பெருமாள்சாமியும் இசக்கிசெல்வியும்.

“வேணாம்பா”ன்னு சொன்னவன் பகலவன் ஒருத்தன்தான். மத்தவங்க கெளம்புனதும், ஒத்தையா நின்னு, முறுக்குற மெஷினுக்குக் காத்து குடுக்குற கம்ப்ரஸர நிறுத்துற வரைக்கும் முறுக்கிட்டு, இன்டர்வலுக்குத்தான் தியேட்டருக்கு வந்து சேந்தான். மிச்சம் நின்னது நாலே ஃப்ரேம். மஞ்ச மார்க்க நம்பி அடுத்த ஷிஃப்ட் அத லாரில ஏத்திருச்சு.

மொதல்ல பெருமாள்சாமி உள்ள போனான். அப்புறம் இசக்கிசெல்வி. அப்புறம் வேல்ராஜ்.

பேனாவ எடுத்தான். என் பேரத்தான் எழுதணும்னு நெனச்சான். எழுத வரல. பெருமாள்சாமி? ஒரே ரூமு, ஒரே சட்டிச் சோறு. இசக்கிசெல்வி? ஊர்ல அவ அப்பா மொகத்துல எப்படி முழிக்க?

பகலவனுக்கு இங்கயே சொந்த வீடு இருக்கு. எப்படியும் பொழச்சுக்குவான். அதுவும் வில்லனுக்கு விசில் அடிக்கிற ஆளு.

எழுதி, நாலா மடிச்சுப் போட்டான்.

வெளிய பெருமாள்சாமி தண்ணி குடிச்சுக்கிட்டே இருந்தான். இசக்கிசெல்வி கையுறைய மாட்டுனா, கழட்டுனா, மாட்டுனா. யாரும் யாரு கண்ணையும் பாக்கல. கேக்க வேண்டிய அவசியமும் இல்ல.

பகலவன் உள்ள போயி கதவு சாத்துனப்புறம்தான் வேல்ராஜுக்கு சுருக்குன்னுச்சு.

“நாலுலயும் ஒரே பேரு வரணும்னாருல்லா? நாலாவது சீட்டு அவன் கையிலல்லா இருக்கு!”

“எவன் தன் பேரத் தானே எழுதுவான்?” இசக்கிசெல்வி கதவையே பாத்தா. “ஒன் பேரத்தாம்ணே எழுதுவான்.”

“போச்சு. நாலு பேருக்கும் போச்சு”ன்னான் பெருமாள்சாமி.

ஒரு நிமிஷங்கூட ஆகல. வெளிய வந்த பகலவன், இவங்க பக்கம் திரும்பாம லாக்கருக்குப் போயி டிபன் பாக்ஸ எடுத்தான்.

“பாத்தியா, மாட்டிவிட்டுட்டு ஓடுதான்!” பல்லக் கடிச்சான் வேல்ராஜ்.

ராஜசேகர் சீட்டுகள விசிறி மாதிரி விரிச்சுப் புடிச்சுக்கிட்டு வெளிய வந்தாரு. அவரு மூஞ்சியே ஒரு மாதிரியா இருந்துச்சு.

“லைன ஓட்டுங்கப்பா. நாலு சீட்டுலயும் ஒரே பேருதான்.”