உச்சி அறையின் இரும்புக்குண்டு

அந்த அடுக்குமாடியின் உச்சி அறையில், லாரி அளவு பெரிய இரும்புக்குண்டு ஒன்று வடங்களில் தொங்கியது. காற்று கட்டடத்தை ஒரு பக்கம் தள்ளினால் குண்டு எதிர்ப்பக்கம் போய் ஆட்டத்தை அடக்கும். நேர்கீழ் வீட்டில் இருந்த தணிகாசலமும் மனைவி இன்பவல்லியும் காற்று நாட்களில் அதன் முனகலைக் கேட்டுக்கொண்டேதான் சாப்பிடுவார்கள்.

புயல் கரையேறிய மத்தியானம் முனகல் கேட்கவில்லை. தட்டில் ரசம் விளிம்புக்கு விளிம்பு போய்வந்தது. இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார்கள்.

குண்டு அறை நடுவே அப்படியே நின்றது. ஆயுத பூஜைக்கு அப்பிய சந்தனம் அதன்மேல் காய்ந்திருந்தது. பூஜைக்கு வைத்த எலுமிச்சம்பழம் தரையில் இங்குமங்கும் உருண்டுகொண்டிருந்தது.

“அப்பாடா! பாருங்க, துளிகூட அசையல,” என்று இன்பவல்லி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

தணிகாசலத்தின் கண் குண்டின் இரு பக்கமும் போனது. பூஜையில் கற்பூரம் காட்டும்போது குண்டு ஆடக்கூடாதென்று குடியிருப்பவர்கள் அதை இரு பக்கச் சுவர்களோடும் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். அவரும்தான் ஒரு கை கொடுத்தார். சாமந்திச் சரம் சுற்றிய சங்கிலிகளை யாரும் அவிழ்க்கவில்லை.

சங்கிலியின் கொக்கியை இழுத்தார். வரவில்லை. கட்டடம் கடல் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. சங்கிலி விறைத்து நின்றது.

“கட்டடம் திரும்பி இந்தப் பக்கம் வரட்டும். சங்கிலி தொய்யும், கழட்டிடலாம்,” என்றார்.

இன்பவல்லியும் வந்து கொக்கியைப் பிடித்துக்கொண்டாள். எலுமிச்சம்பழம் கடல் பக்கச் சுவர்வரை உருண்டுபோய் நின்றது. அது திரும்பி உருண்டு வருவதற்காக இருவரும் காத்திருந்தார்கள்.