கை கோத்தது

கட்டிங் பிளேயரும் கையுமாகச் சத்தியமூர்த்தி ஆறாவது மேசைக்கு வந்தார்.

பயிற்சிக் கொட்டகை கப்சிப்பென்று ஆனது. எழுபத்து மூன்றாம் வருடத்து எலக்ட்ரீஷியன் தேர்வுக்கு மதுரையிலிருந்து காரைக்குடி வந்திருந்த அதிகாரி அவர். படம் எதுவும் தரமாட்டார். மோட்டாருக்குக் கரண்டு விடும் ரிலே, பட்டன், வயர் எல்லாம் மேசைமேல் கிடக்கும். அவற்றை இணைத்து மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் வேண்டும்.

அதுவரைக்கும் எல்லாரும் செய்துவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் மனுசன் தன் வேலையைக் காட்டுவார்.

மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே, நிறுத்துகிற பட்டனுக்குப் போகும் வயரை நறுக்கென்று வெட்டுவார். வயர் அறுந்தால் மோட்டார் தானாக நிற்க வேண்டும். காலையிலிருந்து வெட்டியதில் ஐந்தும் நிற்கவில்லை. அதற்குப் பிறகு பட்டனை எத்தனை தரம் அமுக்கினாலும் தறிகெட்டு ஓடின. ஐந்து பேரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஆறாவது ஆள் பூமிநாதன். நேமத்தான்பட்டித் தச்சு வீட்டுப் பிள்ளை, வயது முப்பத்து நாலு. ஏற்கெனவே இரண்டு முறை தோற்றவர். இந்த முறையும் போனால் அடுத்த வாய்ப்புக் கிடையாது. நூல் மில்லில் சொல்லி வைத்திருக்கும் வேலையும் கை நழுவிப் போகும்.

சத்தியமூர்த்திக்கு அந்த ஆளின் இடது கைதான் உறுத்தியது. விரல் நுனிகூடத் தெரியாமல் துண்டைச் சுற்றியிருந்தார். வயரைப் பல்லில் கடித்துக்கொண்டு, வலது கையாலேயே அத்தனை வேலையையும் பார்த்தார்.

துண்டுக்குள் பிட்டு இருக்கிறது. நாம் பார்க்காத ஆளா என்று நினைத்துக்கொண்டார் அதிகாரி.

ஆனால் பூமிநாதன் வயர் மாட்டியிருந்த பேனலைப் பார்த்ததும் கண் அங்கேயே நின்றுவிட்டது. அடடா, என்ன நறுவிசு! வயர்கள் நூல் பிடித்தாற்போல நேராக இறங்கி, திரும்ப வேண்டிய இடத்தில் மட்டும் திரும்பின. ஒரு திருகில்கூடப் பிசிறு இல்லை.

"நிறுத்துற பட்டன் திறந்ததா, சாத்தினதா?" என்று கேட்டார்.

போன இரண்டு முறையும் பூமிநாதனைக் கவிழ்த்த கேள்வி இது. கரண்டு போக வழி இருந்தால் புத்தகத்தில் அதற்குப் பெயர் 'சாத்தினது'. வழி இல்லாவிட்டால் 'திறந்தது'. கதவு செய்கிற வீட்டில் பிறந்த ஆளுக்கு இது எங்கே ஏறும்? சாத்தின கதவுக்குள் எது போகும்? தலைகீழாகச் சொல்லிச் சொல்லியே தோற்றிருந்தார்.

"ரெண்டும் இல்லைங்கய்யா. கை கோத்தது."

தங்கள் முறைக்காகப் பின்னால் வரிசையில் நின்றவர்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பூமிநாதன் அசையவில்லை.

"வரிசையா கை கோத்து நிக்கிற மாதிரி மாட்டிருக்கேங்கய்யா. பட்டனை அமுக்குனா ஒரு கை விட்டுப்போகும். வயரு அறுந்தாலும் கை விட்டதுதான். எங்குட்டு விட்டாலும் மோட்டாரு நின்னாகணும். வெட்டிப் பாருங்க."

இருபது வருடமாகச் சத்தியமூர்த்தி இதைத்தான் கரும்பலகையில் கோடு கோடாகப் போட்டு மூச்சு வாங்கியிருக்கிறார். இந்தா, ஒரே சொல்லில் முடித்துவிட்டான் மனுசன்! கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

வெட்டினார்.

மோட்டார் உறுமல் தேய்ந்து நின்றது. கொட்டகைக்கு வெளியே சைக்கிள் மணி அடிப்பது கேட்டது.

"பலே!" என்று தன்னை அறியாமல் சொல்லிவிட்டார். பேனாவைத் திறந்தார். ஆனால் மனசு கேட்கவில்லை. இத்தனை நல்ல வேலைக்குள் ஒரு பிட்டு இருந்துவிடக் கூடாதே என்று இப்போது அவருக்கே பயமாக இருந்தது.

"அந்தத் துண்டை எடுய்யா."

பூமிநாதன் முகம் சுண்டிப்போனது. பின்னால் நின்றவர்களை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சுற்றைப் பிரித்தார்.

காகிதம் எதுவும் விழவில்லை.

கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் இருந்தன. நடுவில் மூன்று விரல்கள் இல்லை.

சத்தியமூர்த்தி சட்டென்று குனிந்து மதிப்பெண்ணை எழுதினார். மதிப்பெண் கட்டத்தில் நூறு என்று அவர் எழுதியது அதுதான் முதல் தடவை. தலை நிமிராமலே, எப்படி என்று கேட்டார்.

"மரம் அறுக்கிற மோட்டாரு ரம்பத்துலங்கய்யா. நானும் பட்டனை அமுக்கிக்கிட்டேதான் இருந்தேன்."