கைராசி

செஞ்சிக் கடைவீதிப் புடவைக் கடையின் நிலைக்கண்ணாடியில் ராஜகிரிப் பாறை காலை வெயிலில் வெளுத்துத் தெரிகிறது. நிவேதா பட்டுப்புடவையை உதறி விரிக்கும்போதெல்லாம் அது மறைந்து மறைந்து வருகிறது. கைராசிக்காரி என்று தினமும் முதல் போணியை முதலாளி அவளிடம்தான் விடுகிறார். ஒரு காலத்தில் அது ஜெயராணியின் இடம். ஒன்பது வருடம் வீட்டோடு இருந்து பிள்ளை வளர்த்துவிட்டுத் திரும்பியவளுக்கு இப்போது நிவேதா விரித்ததை மடிக்கிற வேலை. இன்றைக்காவது இவளுக்குப் போணி ஆகாமல் போகட்டும் என்று வயிறு எரிகிறது. எரிந்த நேரம், புடவை பார்க்க வந்தவளின் கைக்குழந்தை வீறிடுகிறது. “அப்பறமா வரேம்மா” என்று அவள் எழுகிறாள். “இருங்க, இன்னா அவசரம்? ஜெயராணிக்கா, கொழந்தைய கொஞ்சம் வச்சினு இருங்க. ஒங்களுக்குத்தான் பழக்கமாச்சே” என்கிறாள் நிவேதா. வாய் மறுப்பதற்குள் ஜெயராணியின் கை குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்து முதுகைத் தட்டத் தொடங்கிவிடுகிறது. வீறல் விசும்பலாகி அடங்குகிறது. வந்தவள் மறுபடி உட்கார்ந்து பட்டின் கரையைத் தடவுகிறாள். ஜெயராணி தட்டுவதை நிறுத்திவிட்டு, அழட்டும் என்று காத்திருக்கிறாள். குழந்தையோ அவள் தோளில் எச்சில் வழியத் தூங்குகிறது. “இதயே பில்லு போடுங்க” என்று குரல் கேட்கிறது. வாங்கிய பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டே முதலாளி சொல்கிறார்: “கைன்னா நிவேதா கைதான்!”