நீ முதல்ல ஊது!

“முப்பது வருஷ பீடி! இன்னைக்கு டொக்டரம்மா எல்லாத்தையும் புட்டுப்புட்டு வைக்கப்போறாங்க, பாருங்க,” என்று கணவரைச் சீண்டினாள் சிசிலி.

பூண்டுலோயா தேயிலைத் தோட்டத்தில், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் நடந்த நுரையீரல் முகாமில், ஊதும் குழாயைக் கண்டதுமே அந்தோனிமுத்து பின்வாங்கினார்.

“நீ முதல்ல ஊது புள்ள. அப்புறம் நான் ஊதுறேன்.”

“ம்க்கும்! பீடி குடிச்சது நானா?” என்று இருமிக்கொண்டே அவள் ஊதினாள். வேறு வழியின்றி அவரும் ஊதினார்.

கருவியிலிருந்து வந்த இரண்டு தாள்களையும் பார்த்த டொக்டர் இல்மாவின் முகம் இறுகியது.

“ஒருத்தருக்கு மூச்சு பாதிதான் வருது.”

அந்தோனிமுத்து பீடிக்கட்டை எடுத்து மேசையில் போட்டார். “மாதா மேல சத்தியமா இனி தொடமாட்டேன். காப்பாத்துங்க டொக்டரம்மா. நான் போயிட்டா இவ தனியாக் கெடப்பா.”

“பீடியை விடுங்க, நல்லது. ஆனா உங்க மூச்சு பரவாயில்லை. இது உங்க சம்சாரத்தோட தாள்.”

சிசிலி சிரிக்கப்போனாள், இருமல் முந்திக்கொண்டது. “எனக்கு வெறும் பனி இருமல்ங்க. டிஸ்பென்சரியில அஞ்சு வருஷமா பாணி மருந்து குடுக்குறாங்களே!”

“ஒரு தடவையாவது ஊதச் சொன்னாங்களா?”

“இல்லைங்க. நான்தான் பீடி குடிக்கிறதில்லையே?”

“வீட்டுல அடுப்பு எதுல எரியுது?”

“விறகுலதாங்க. கவ்வாத்துல வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி, மிலாறு. இவருதான் எனக்காகச் சுமந்துக்கிட்டு வருவாரு.”

“அந்தப் புகைதாம்மா.”

அந்தோனிமுத்து மெல்லத் தன் தோளைத் தடவினார். காலையில் சுமந்து வந்த மிலாறுக் கட்டின் கீறல் அங்கே இன்னும் எரிந்துகொண்டிருந்தது.