பின்னாலிருந்து படிப்பவர்

"சுருக்கம் யாருக்கு, சொல்லு?" என்றாள் சீனியர் அக்கா.

தேனீக்களைப் பற்றித் தன் முதல் ஆய்வுக் கட்டுரையை எழுதியிருந்த ஜூனியர் விழித்தாள். "தெரியலக்கா."

"நேரமில்லாதவங்களுக்கு. முன்னுரை, விஷயம் தெரியாதவங்களுக்கு. ஆய்வு முறை, நம்மளை நம்பாதவங்களுக்கு. முடிவுரை, நடுவுல தூங்கிட்டவங்களுக்கு."

"அப்போ கடைசியில வர்ற மேற்கோள் பட்டியல்?"

"அது நம்ம சாருக்கு!"

ஆய்வகமே சிரித்தது. பேராசிரியர் எந்தக் கட்டுரையையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் புரட்டுவார். தன் பெயர் எத்தனை தடவை வந்திருக்கிறது என்று எண்ணத்தான் என்பது அங்கே ஊரறிந்த ரகசியம். அவர் கையெழுத்துப் போட்டால்தான் கட்டுரை பத்திரிகைக்குப் போகும். அன்றுதான் அனுப்பக் கடைசி நாள் வேறு.

அக்கா பட்டியலைப் பார்த்துப் பதறினாள். "அடிப்பாவி, சார் பேரு ஒண்ணுகூட இல்லையே! ஆறேழு சேரு. இது யாரு, ஊர் பேர் தெரியாத ஆளு? இடத்தை அடைக்குது, தூக்கிடு."

"ஐயோ அக்கா, தேனீ முதுகுல வண்ணப் பொட்டு வச்சு எண்ணுற முறையே அவங்களோடதுதான். அதை எடுத்தா நான் திருடின மாதிரி ஆயிடும்."

"சரி, உன் தலையெழுத்து."

அந்தப் பெயரை விட்டுவைத்து, சார் பெயரை ஆறு இடத்தில் செருகிக்கொண்டு ஜூனியர் அவர் அறைக்குள் போனாள்.

சொல்லிவைத்தாற்போல் பேராசிரியர் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். சிவப்புப் பேனாவால் தன் பெயரை வரிசையாக அடித்தார்.

"நான் எழுதினதெல்லாம் வண்டைப் பத்தி. தேனீக்கு நடுவுல எனக்கென்ன வேலை?"

பேனா அந்த ஊர் பேர் தெரியாத பெயரைச் சுற்றி வட்டம் போட்டு நின்றது.

"இவங்களை எங்கே பிடிச்சே?"

"பழைய இதழ் ஒண்ணுல சார். ஒரே ஒரு கட்டுரைதான் எழுதியிருக்காங்க. ஆனா அது இல்லேன்னா என்னால எண்ணியிருக்கவே முடியாது."

அவர் முகம் மலர்ந்தது. முதல் பக்கத்துக்குத் திரும்பி, ஒரு வரி விடாமல் படித்து, கையெழுத்துப் போட்டார். பிறகு போனை எடுத்தார்.

"அம்மாடி, எந்தக் கட்டுரை வந்தாலும் கடைசிப் பக்கத்துல உன் பேரைத் தேடித் தேடிக் கண்ணு பூத்துப்போச்சு. இன்னிக்குக் கிடைச்சிருச்சு! உன் முறையை வச்சு ஒரு பொண்ணு எண்ணியிருக்கா. குழந்தைதான் ஸ்கூலுக்குப் போக ஆரம்பிச்சாச்சே, நீ என்கிட்ட பாதியில விட்ட ஆராய்ச்சியை முடிக்க எப்போம்மா வர்றே?"